மூக்கைத் தின்ற செல்லைக் கண்டுபிடித்தவர்

என் நரைமுடி மேல் சத்தியம், இதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. நம்பாதவர் ஒசாகாவுக்கு டிக்கெட் எடுத்துப் போய் விசாரித்துக்கொள்ளலாம்.

ஆக்டோபஸ் உருண்டை சுட்டு விற்கும் ட்சுருமாகிக்கு மூக்கு கரைந்துகொண்டே வந்தது. புற்று என்றால்தான் கதிர்வீச்சு கொடுப்பார்கள். மருத்துவமனையின் தலைவர் பேராசிரியர் குராமோச்சியோ, "வெறும் வீக்கம், மாத்திரை போதும்" என்று மேசையைத் தட்டிக்கொண்டிருந்தார்.

அன்றைய டாக்டர்கள் கூட்டத்தில் அவரிடம் வேலை பார்க்கும் டாக்டர் இசோபே எழுந்தாள். இடுப்பு ஒடியக் குனிந்தாள். அங்கே ஆசானை 'சென்செய்' என்றுதான் கூப்பிட வேண்டும்.

"சென்செய், நீங்க அன்னைக்கே சொன்னீங்க, இது புற்றுன்னு. உடம்புக்குக் காவல் நிக்கிற செல்லே கெட்டுப்போய் மூக்கை அரிக்குது, வேலியே பயிரை மேயுதுன்னு."

"நானா சொன்னேன்?"

"டீ குடிக்கிறப்போ சொன்னீங்களே, சென்செய்."

பேராசிரியர் தொண்டையைச் செருமினார். "ஆமா, சொன்னேன். நீங்கள்லாம்தான் காதுல வாங்கலை."

அத்தனை தலைகளும் வெட்கத்தில் குனிந்தன.

வெளியே வந்ததும் அவள் கூடப் படித்த டாக்டர் ஹமாகுச்சி வெடித்தான்.

"உனக்கு வெட்கமா இல்லை? செத்த சதைக்கு அடியில தோண்டி, உயிருள்ள சதையை எடுத்து, உறைய வச்சு, சாயம் ஏத்திக் கண்டுபிடிச்சது நீ! தூக்கி அந்தக் கிழத்தோட மடியில போட்டுட்டியே! இனி அவர் செருப்பையும் துடைச்சு வை, பதவி தானா வரும்."

"கத்தாதே. நான் கண்டுபிடிச்சேன்னு சொல்லியிருந்தா அவர் என்ன சொல்லியிருப்பார்?"

"வீக்கம்னுதான்."

"எதுவரைக்கும்?"

"சாகுற வரைக்கும்!"

"யாரு சாகுற வரைக்கும்?"

ஹமாகுச்சி திரும்பிப் பார்த்தான். எதிரே ட்சுருமாகியைச் சக்கர நாற்காலியில் கதிர்வீச்சு அறைக்குக் கொண்டுபோனார்கள். பேராசிரியரின் அவசர உத்தரவு.

ட்சுருமாகி பிழைத்தார். மிஞ்சிய மூக்கோடு அடுப்பு முன்னால் போய் நின்றார்.

அடுத்த வசந்தத்தில் அந்தக் கண்டுபிடிப்புக்காகப் பேராசிரியருக்கு விருது. மேடை ஏறப்போகும்போது ஹமாகுச்சியின் காதருகே வந்தார்.

"ஏம்ப்பா, நான் கண்டுபிடிச்சேனே... அது எந்த செல்லு?"

ஹமாகுச்சிக்குப் பல் நறநறத்தது. ஆனால் வார்டில் இன்னும் இரண்டு மூக்குகள் அவர் கையெழுத்துக்காகக் காத்திருந்தன.

இசோபேயைவிட ஒரு சாண் அதிகமாகவே குனிந்தான்.

"என்னைச் சோதிக்கிறீங்களா, சென்செய்? நீங்க சொல்லிக்கொடுத்ததுதானே!" என்று ஆரம்பித்து, எல்லாவற்றையும் அவருக்குச் சொல்லிக்கொடுத்தான்.

இதைச் சொன்னது நான்தான் என்று மட்டும் வெளியே விட்டுவிடாதீர்கள். மனுஷர் இன்னும் உயிரோடுதான் இருக்கிறார். இன்னும் கண்டுபிடித்துக்கொண்டேதான் இருக்கிறார்.