செவ்வாய்க்கிழமை சாயங்கால வகுப்பு

"ஒரு ஆள் குறையுதுன்னு வகுப்பையே மூடுவீங்களா?"

இனெஸ் சில்வேரா உட்காராமலேயே கேட்டாள். எந்த செமஸ்டரில் எந்தப் பாடம் எடுக்கலாம் என்று கல்லூரி மாணவர்களுக்குத் திட்டம் போட்டுக் கொடுக்கிற ஆலோசகர் அவள்.

"பதினஞ்சு பேர் வேணும். பதினாலு பேர்தான் சேர்ந்திருக்காங்க. வெள்ளிக்கிழமை அஞ்சு மணி வரைக்கும் பார்ப்பேன்," என்றார் டீன் ஹகோபியன். மேஜையில் இருந்த உலர்ந்த ஆப்ரிகாட் டப்பாவை அவள் பக்கம் நகர்த்தினார்.

அவள் அதைத் தொடவில்லை.

"டிஃபரன்ஷியல் ஈக்வேஷன் கணக்கு வகுப்பு நம்ம காலேஜ்ல வருஷத்துக்கு ஒரு தடவைதான் நடக்குது. இதை முடிக்கலைன்னா என்கிட்ட வர்ற மாணவி சியாவுக்கு, இங்க படிச்சு முடிச்சதும் சேர யுனிவர்சிட்டில குடுத்த இன்ஜினியரிங் சீட் போயிடும் சார்."

"அடுத்த ஊர்க் காலேஜ்ல நடக்குதே?"

"எழுபது மைல் போகணும். அவங்க வீட்டுல இருக்கிறது ஒரே ஒரு வண்டி. அதுல அவங்க அப்பா காய்கறி ஏத்திட்டுச் சந்தைக்குப் போயிடறார்."

"எனக்கும் தெரியும். போன வருஷம் ஆள் குறைஞ்ச ஒரு வகுப்பை நடத்த விட்டு மேலிடத்துல நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன். ரூல் ரூல்தான், இனெஸ்."

கல்லில் நார் உரித்தாலும் உரிக்கலாம், இந்த மனுஷனிடம் ஒன்றும் பெயராது என்று முணுமுணுத்துக்கொண்டே வெளியே வந்தாள்.

வராந்தாவில் சியா வாங் காத்திருந்தாள். தோட்டத்திலிருந்து நேராக வந்திருப்பாள் போல, ஷூவெல்லாம் சேறு.

"என்ன மிஸ், ஆகலையா?"

"அந்த ஆளுக்கு எண்ணிக்கைதாம்மா தெரியுது. மனுஷங்க தெரியலை."

சியா கொஞ்சம் தயங்கினாள். "இதைப் போன வருஷமே எடுத்திருக்கலாமாம் மிஸ். மூணாவது கால்குலஸ் பாடத்துக்கு முன்னாடியே எடுக்க விடுவாங்களாம். கூடப் படிக்கிறவன் சொன்னான்."

உண்மைதான். அதைக் கடைசி செமஸ்டருக்குத் தள்ளித் திட்டம் போட்டுக் கொடுத்தவள் இனெஸ். வகுப்பே நடக்காமல் போனால் என்ன செய்வது என்று அன்றைக்கு அவள் யோசிக்கவில்லை.

"அதெல்லாம் இப்ப எதுக்கு? அவர் மூடாம இருந்தா எல்லாம் சரியாத்தானே நடக்கும்."

ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல் என்பார்கள். பழியை டீன் தலையில் போட்டதும் இனெஸுக்கு நெஞ்சு லேசாயிற்று.

அந்த வாரம் முழுக்க அவள் ஓயவில்லை. மனு எழுதினாள், ஊரெல்லாம் கையெழுத்து வாங்கினாள். ஆசிரியர்களின் சாப்பாட்டு அறையில் எல்லார் காதிலும் விழும்படி கேட்டாள்.

"கால்குலஸ் படிச்சவங்க யாரு சேர்ந்தாலும் போதும். இவ்வளவு பெரிய காலேஜ்ல செவ்வாய்க்கிழமை சாயங்காலம் சும்மா இருக்கிற ஒரு ஆள் கிடையாதா?"

"நியாயமான கேள்வி," என்று சொல்லிவிட்டு அவரவர் சாண்ட்விச்சைக் கடித்தார்கள்.

மூலையில் இருந்த ஹகோபியன் எழுந்தார். காபிக் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனார்.

"பாருங்க, காதுல விழாத மாதிரியே போறார்."

இயற்பியல் வாத்தியார் சிரித்தார். "வீட்டுல ரெண்டு பேருக்குக் குறைஞ்சா அந்த மனுஷன் அடுப்பே பத்த வைக்க மாட்டாராம்."

வெள்ளிக்கிழமை, ஐந்து மணி ஆகப் போகிற நேரத்தில் சியா போன் செய்தாள். அழுகையும் சிரிப்புமாகக் குரல் குழறியது.

"பதினஞ்சு ஆயிடுச்சு மிஸ். வகுப்பு நடக்குதாம்."

"நான்தான் சொன்னேன்ல? மனு போட்ட போடு அப்படி," என்றாள் இனெஸ். அப்படித்தான் அவள் நம்பினாள்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வீட்டில் சுட்ட இனிப்பு ரொட்டியை எடுத்துக்கொண்டு, பனிமூட்டத்தில் தடவித் தடவி வண்டி ஓட்டி, வகுப்புக்கு இடைவேளை விடும் நேரமாகப் பார்த்துப் போனாள். சியா ஓடி வந்து கட்டிக்கொண்டாள்.

"யாரும்மா அந்தப் பதினஞ்சாவது புண்ணியவான்?"

"கடைசி வரிசையில இருக்கார் மிஸ். கணக்கு முடியலைன்னு வெளியவே வர மாட்டேங்கிறார்."

இனெஸ் உள்ளே எட்டிப் பார்த்தாள். ஹகோபியன் உட்கார்ந்திருந்தார். கண்ணாடி நெற்றியில், பக்கத்தில் ஆப்ரிகாட் டப்பா, கையில் ரப்பர். எழுதியதை எல்லாம் அழித்துக்கொண்டிருந்தார்.

"நீங்களா சார்?"

"பதினஞ்சு பேர் வேணும்னு சொன்னேன் இல்லையா?" என்றார் நிமிராமல்.

"செவ்வாய்க்கிழமை உங்களுக்கு பவுலிங் ஆட்டம் இருக்குமே?"

"டீமுக்கு வேற ஆள் பார்த்துக்கச் சொல்லிட்டேன். அது கிடக்கட்டும். கால்குலஸ் படிச்சது எந்தக் காலத்துலயோ. ஒரு மண்ணும் ஞாபகம் இல்லை."

இனெஸ் கையிலிருந்த ரொட்டியை அவர் மேஜையில் வைத்தாள். வெட்கமாக இருந்தது.

அவர் நோட்டை அவள் பக்கம் திருப்பினார்.

"நீங்க கணக்குலதானே பட்டம் வாங்கினீங்க? வகுப்புக்கு முன்னாடி கொஞ்சம் சொல்லிக் குடுங்களேன். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் உங்களுக்கு வேற வேலை ஏதாவது இருக்கா?"

எந்தச் செவ்வாய்க்கிழமையும் அவளுக்கு எந்த வேலையும் இருந்ததில்லை.