அறுபத்தோரு பதில்கள்

ஆய்வு மாணவி நீட்டிய அட்டவணையைப் பேராசிரியர் பார்த்தார். பதிவான தொலைபேசிப் பேச்சுகளில் ஒரே பெண் அறுபத்தோரு முறை “நல்லா இருக்கேன்” என்று சொல்லியிருந்தாள்.

“வார்த்தை மாறவே இல்லையே. இதுல என்னத்தக் கண்டுபிடிச்சே?”

“பதிவ ஆய்வுக்கு எடுக்கும்போது, பதிலுக்கு முன்னால நாம வெட்டி எறியுற மௌனத்த அளந்தேன் சார். நிஜமா நல்லா இருந்த நாள்ல அரை நொடி. வலி இருந்த நாள்ல ரெண்டு நொடி.”

“வலி இருந்த நாள் எதுன்னு எப்படித் தெரியும்?”

“ஆஸ்பத்திரி ஃபைல்ல தேதி இருந்துச்சு.”

“அந்தம்மாவையே கேட்டிருக்கலாமே?”

“தினமும் கேட்டேன் சார். ஃபோன்ல இந்தப் பக்கம் இருந்தது நான்தான். அம்மா போனப்புறம்தான் ஃபைல் கைக்கு வந்துச்சு.”

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றினார். “நீ நல்லா இருக்கியாம்மா?”

சுவர்க் கடிகாரத்தின் நொடி முள் இரண்டு முறை நகர்ந்தது.

“நல்லா இருக்கேன் சார்.”