நடக்கத் தெரிந்த மூட்டைகள்

நாலாவது மணல் மூட்டையிலேயே சடைச்சிக்கு இடுப்பு விட்டுப்போனது. பயணிகள் விமானத்தின் இன்ஜினைப் பழுது பார்த்திருந்தார்கள். ஆட்களை ஏற்றுமுன் அதே எடைக்கு மணலை ஏற்றி ஒரு சுற்று பறந்து பார்ப்பார்கள். பிறகு அத்தனை மூட்டையையும் கூலிப் பெண்கள் திரும்ப இறக்க வேண்டும்.

"ஏன் மேஸ்திரி, நடக்கத் தெரிஞ்ச மூட்டையை ஏத்துனா ஆகாதாமா? தானா ஏறும், தானா இறங்கும். பிளேன் ஓட்டுற துரைகிட்ட கேட்டுப் பாருங்க" என்றாள் சடைச்சி.

"விழுந்தா என்னடி செய்வீங்க?"

"துரையும்தான கூட விழுவாரு!"

மேஸ்திரி கிண்டலாகத்தான் போய்ச் சொன்னார். விமானி வயிறு குலுங்கச் சிரித்துவிட்டுத் தராசைக் கொண்டுவரச் சொன்னான்.

மூட்டை நிறுக்கும் தராசில் ஒவ்வொருத்தியாக ஏறினார்கள். ஏழு பேரோடு எடை நிரம்பிவிட்டது. மிஞ்சியவள் சடைச்சியின் ஓரகத்தி உடையாள்.

"இடுப்பு வலிக்காரி நீ கீழ கெட. நான் போறேன்."

"யோசனை என்னதுடி. அடுத்த சுத்து உனக்கு, சத்தியம்." கையில் அடித்துக் கொடுத்துவிட்டு சடைச்சி விமானத்துக்குள் பிரம்பு நாற்காலியில் போய் உட்கார்ந்தாள்.

சக்கரம் தரையை விட்டதும் ஏழு பேரும் குலவை போட்டார்கள். உடையாள் சும்மாட்டுத் துணியை வீசிக்கொண்டு கீழே ஓடிவந்தாள். சடைச்சி இடுப்பைத் தடவிப் பார்த்தாள். வலியும் உடையாளோடு கீழேயே நின்றுவிட்டிருந்தது.

இன்ஜினில் ஒரு குறையும் இல்லை என்று மறுநாளே பயணிகளை ஏற்றிவிட்டார்கள். அதன்பின் விமானம் வரும்போதெல்லாம், இன்ஜின் கொஞ்சமாவது இருமாதா என்று ஓரகத்திகள் இருவரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். அது இருமவே இல்லை.

உடையாளுக்கு ஒரு சுற்று இன்னும் பாக்கி.