கொலைகாரன் டாக்டர்தான்!

"கொலைகாரன் டாக்டர்தான்!"

பல்செட் அண்ணன் போட்ட சத்தத்தில், காத்திருந்தவர்களில் இரண்டு பேர் எழுந்து செருப்பைத் தேடினார்கள். பின்னே? பல் ஆஸ்பத்திரியில் கத்துகிற வார்த்தையா அது?

"ஐயோ உட்காருங்க, சினிமாவைச் சொல்றாரு!" என்று டோக்கன் அக்கா பதறினாள். ஒருவர் உட்கார்ந்தார். இன்னொருவர் வீங்கின கன்னத்தோடு படியிறங்கியே போய்விட்டார்.

உள்ளேயிருந்து எட்டிப் பார்த்த டாக்டருக்கு முகம் சிவந்துவிட்டது. பாவம், அவர் அப்போதுதான் டோக்கன் அக்காவிடம், "நாளைக்கு அந்த மறதிப் படத்துக்கா போறே? அதுல பாரும்மா..." என்று ஆசையாக ஆரம்பித்திருந்தார். அவரைக்கூடப் பேசவிடாமல் குறுக்கே புகுந்துதான் இந்த மனுஷன் கத்தினான்.

பின்னறையில் உட்கார்ந்து ஊருக்கெல்லாம் பல்செட் செய்கிறவன். கை அவ்வளவு சுத்தம். வாய்தான் ஓட்டை. போன இரண்டு படத்தின் முடிவையும் போட்டு உடைத்தவன்.

அதனால்தான் இந்தத் தடவை டோக்கன் அக்கா முன்கூட்டியே கையெடுத்துக் கும்பிட்டிருந்தாள். "அண்ணே, தலையில அடிபட்டு எல்லாத்தையும் மறந்த ஒருத்தன், பொண்டாட்டியைக் கொன்னவனைத் தேடிப் பழிவாங்குற கதையாம். நானும் அவரும் சேர்ந்து படம் பார்த்து எவ்வளவு நாளாச்சு! இதை மட்டும் விட்டுடுங்கண்ணே."

"சத்தியமா சொல்ல மாட்டேன் தங்கச்சி" என்றவன்தான் இவன்.

"நீங்கல்லாம் மனுஷனாண்ணே?"

பல்செட் அண்ணன் பின்னறைக்குள் போய்விட்டான்.

டோக்கன் அக்காவுக்கு ஆத்திரம் அடங்கவில்லை. படத்தில் வருகிறவன்தான் பழிவாங்க வேண்டுமா என்ன? நேரே டாக்டரிடம் போய்க் கமுக்கமாக வத்தி வைத்தாள்.

"நேத்து வியாழக்கிழமை வயித்துவலின்னு லீவு போட்டாரே டாக்டர், அந்தப் படம் வந்ததே வியாழக்கிழமைதான். நீங்களும் கருத்தரங்குன்னு போயிட்டீங்க. நான் ஒருத்தியா எல்லாருக்கும் பதில் சொல்லி அல்லாடினேன்."

"ஓ, அப்படியா சேதி? திங்கக்கிழமை லீவு கேட்டிருந்தான்ல? கிடையாதுன்னு சொல்லிடு."

அதை அவள் எதிர்பார்க்கவில்லை. திங்கட்கிழமை அவன் மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் ஓட்டப்பந்தயம். "என் பொண்ணு ஓடுறா, என் பொண்ணு ஓடுறா" என்று பல் பிடுங்க வந்தவர்களிடம்கூடச் சொல்லிக்கொண்டிருந்தான்.

மனசு கொஞ்சம் உறுத்தத்தான் செய்தது. 'வேணும், நல்லா வேணும்' என்று அதை அடக்கிவிட்டாள்.

சனிக்கிழமை தியேட்டரில் டோக்கன் அக்கா மகாராணி மாதிரி சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முடிவுதான் தெரியுமே! இடைவேளைக்கு முன்னாலேயே கணவன் காதில் கிசுகிசுத்தாள். "அந்த டாக்டர்தாங்க கொலைகாரன்."

"அடிப்பாவி! உனக்கு அந்தப் பல்செட்காரரே தேவலாம்!"

கடைசிக் காட்சி வந்தது. மறதிக்காரன் டாக்டரைச் சுட்டுத் தள்ளினான். 'அதான் சொன்னேனே' என்று அவள் நிமிர்ந்தபோதுதான் உண்மை வெளியே வந்தது. கொலை செய்தவன் அவனுடைய சொந்த அண்ணன். டாக்டர், கடைசிவரை அந்த மறதிக்காரனை ஒளித்துவைத்துக் காப்பாற்றியவர்.

"ஐயையோ!" என்று தியேட்டரே திரும்பிப் பார்க்கும்படி அலறினாள் டோக்கன் அக்கா. இப்படி ஒரு அதிர்ச்சியை எந்தப் படமும் அவளுக்குக் கொடுத்ததில்லை. வீடு வருகிறவரை ஒரே குழப்பம். அந்த ஆள் ஏன் பொய் சொன்னான்?

திங்கட்கிழமை காலை டாக்டரே கேட்டார். "படம் எப்படிம்மா? கொலைகாரன் அந்த அண்ணன்காரன்தான்னு அன்னிக்கே உன்கிட்ட சொல்ல வந்தேன். அதுக்குள்ள அவன் ஏதோ தப்பும் தவறுமா உளறிட்டான்!"

அன்றைக்கு அவன் குறுக்கே புகுந்து கத்தியது இதைத் தடுக்கத்தானா! ஓட்டை வாய் எதுவென்று இப்போதல்லவா தெரிகிறது! பின்னறையில் அவன் தலையைக் குனிந்து ஒரு பல்செட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தான். மகளோ இந்நேரம் பள்ளிக்கூட வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

"டாக்டர், வெள்ளிக்கிழமையே உங்களுக்கு முடிவு தெரியுமா?"

"தெரியாம? முதல் ஆட்டமே பார்த்துட்டேனே!"

"படம் வந்தது வியாழக்கிழமை. அப்ப அந்தக் கருத்தரங்கு எந்தத் தியேட்டர்ல நடந்துச்சு டாக்டர்?"

டாக்டர் முகமூடியைக் கண்வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டார். "ஓட்டப்பந்தயம் மத்தியானம்தானே? அவனை உடனே கிளம்பச் சொல்லு."

ஓட்டமாகப் பின்னறைக்குப் போனாள். "அண்ணே, கிளம்புங்க, லீவு கிடைச்சிடுச்சு. அன்னிக்கு உங்களைப் போட்டுக்கொடுத்தது நான்தாண்ணே. மன்னிச்சிடுங்க." அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"போட்டுக்கொடுத்தியா? எப்ப? எனக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்லையேம்மா" என்றபடி அவசரமாகக் கையைக் கழுவினான் பல்செட் அண்ணன்.

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசல்வரை போனவன், திரும்பி நின்று குரலைத் தாழ்த்திச் சொன்னான்.

"அடுத்த படத்துக்கு எப்ப போறீங்கன்னு முன்னாடியே சொல்லிடு தங்கச்சி. அதுவரைக்கும் டாக்டர் வாயை நான் பார்த்துக்கறேன்."