கார் விற்கத் தெரியாதவர்

"பெட்ரோலோ டீசலோ, எது விலை கம்மியோ அதை ஊத்திக்கலாம் சார். வண்டி ஒண்ணும் சொல்லாது!" என்றார் விற்பனையாளர்.

மாப்பிள்ளை பவ்யமாகத் தலையாட்டினார். மகள் கைக்குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே அப்பாவைப் பார்த்தாள்.

அப்பா, அதாவது தெருவுக்கே கியர் மாமா, ஷோரூம் சோபாவில் உட்கார்ந்து கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அந்தத் தெருவில் யாரும் கார் வாங்கியதில்லை. எந்த கம்பெனி இன்ஜினில் புலி, எந்த கம்பெனி விளம்பரத்தில் மட்டும் புலி என்பதெல்லாம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. இன்று மகள்தான் "சும்மா கூட வாங்கப்பா" என்று கையைப் பிடித்து இழுத்து வந்திருந்தாள். வந்தாயிற்று. இனி அவர்கள் பாடு, கடைக்காரர் பாடு என்று இருந்தார்.

ஆனால் காது இருக்கிறதே, அது சும்மா இருக்குமா? பெட்ரோல் காரில் டீசலை ஊற்றச் சொன்னதும் அவருடைய மீசை லேசாகத் துடித்தது.

"ஏர்பேக் எத்தனை இருக்கு?" என்று கேட்டார் மாப்பிள்ளை.

"உங்களுக்கு எத்தனை வேணும் சார்? நாலஞ்சு வாங்கி டிக்கில போட்டு வச்சுக்குங்க. டயர் பஞ்சரானா உதவும்."

கியர் மாமா சோபாவின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தார். இந்த ஆளை யார் வேலைக்கு வைத்தது? எந்த வேலையும் தெரியாதவர்களை எல்லாம் டை கட்டி நிறுத்திவிடுகிறார்கள். மாப்பிள்ளையாவது நாலு கேள்வி கேட்பார் என்று பார்த்தால், அவர் முன்பதிவுத் தாளையும் பேனாவையும் கையில் எடுத்துவிட்டார்!

"குழந்தையை மடியில வச்சுக்கிட்டு மேடம் பின்னாடி ஹாயா உட்காரலாம்" என்று விற்பனையாளர் பின்கதவைத் திறந்து காட்டினார். "இந்த பெல்ட் எல்லாம் சும்மா அழகுக்குத்தான். வேணாம்னா வெட்டி எடுத்துடலாம்."

மாப்பிள்ளை பேனா மூடியைக் கழற்றினார்.

"யோவ்!"

கியர் மாமா எழுந்துவிட்டார். குரல் கரகரவென்று வந்தது. மாப்பிள்ளையின் கையிலிருந்த பேனா தரையில் உருண்டது. மகள் சிலையாக நின்றாள். மானத்தை வாங்குகிறாரே என்று நினைக்கிறார்கள் போலிருக்கிறது. நினைத்துக்கொள்ளட்டும். அந்தச் சீட்டில் உட்காரப் போவது அவருடைய பெண்ணும் பேத்தியும் அல்லவா?

"என்னய்யா சொன்னே? பெல்ட் அழகுக்கா? மூணு இடத்துல பிடிக்கிற இந்த பெல்ட்டை முதல்ல கொண்டுவந்தவங்க, நினைச்சிருந்தா உரிமையைக் கையில வச்சுக்கிட்டு மத்த கம்பெனிகளைக் கறந்திருக்கலாம். செய்யல. எல்லாரும் போட்டுக்குங்கன்னு விட்டுக்கொடுத்தாங்க. கார் கம்பெனிக்காரங்களை நான் திட்டாத திட்டு கிடையாது. கூரையில ஜன்னல் வைப்பான், முன்னாடி டிவி வைப்பான், கதவுத் தகட்டை மட்டும் காகிதம் மாதிரி பண்ணுவான். ஜனங்களும் பளபளப்பைப் பார்த்து மயங்கி வாங்குவாங்க. ஆனா இந்த பெல்ட்டுக்காக மட்டும் அவங்களைக் கையெடுத்துக் கும்பிடுவேன்யா!"

"அப்படியா சார்? நிஜமாவே அது வேலை செய்யுமா?" விற்பனையாளருக்குக் கொஞ்சமும் ரோஷம் வரவில்லை.

"செய்யுமாவா? ஒருநாள் மழையில வழுக்கி எங்க வண்டி குட்டிக்கரணம் போட்டு மல்லாந்துடுச்சு. பின்சீட்ல இவளும் இவ அம்மாவும். அப்ப இவளுக்குப் பள்ளிக்கூடம் போற வயசு. ரெண்டு பேரும் பெல்ட்ல தலைகீழாத் தொங்கறாங்க. எனக்கு ஈரக்குலையே நடுங்கிப் போச்சு. ஆனா இவ அம்மா, அந்த நிலைமையில என்ன சொன்னா தெரியுமா?"

விற்பனையாளர் ஒரு அடி முன்னால் வந்தார். "என்ன சார் சொன்னாங்க?"

"'மெதுவாப் போங்கன்னு அப்பவே சொன்னேனே, கேட்டீங்களா?'ன்னா!"

சொல்லிவிட்டு கியர் மாமா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். சிரிப்பிலேயே கண் நிறைந்தது. "ரெண்டு பேருக்கும் ஒரு கீறல் இல்லய்யா. அன்னிக்கு அந்த பெல்ட்தான் என் குடும்பத்தை எனக்குத் திருப்பிக் கொடுத்துச்சு. அதைப் போய் வெட்டி எடுக்கறேன்ங்கறியே!"

அவர் மாப்பிள்ளை பக்கம் திரும்பினார். "மாப்பிள்ளை, கையெழுத்துப் போடாதீங்க. இந்த வண்டியும் நல்ல வண்டிதான், இன்ஜின் தங்கம். ஆனா இந்த ஆள்கிட்ட வாங்காதீங்க. முதலாளியைக் கூப்பிடுங்க, நான் பேசிக்கறேன்."

"பேசுங்க மாமா, நல்லாப் பேசுங்க" என்றார் மாப்பிள்ளை.

அப்போதுதான் கியர் மாமா மகளைப் பார்த்தார். குழந்தையின் முதுகில் முகத்தைப் புதைத்துக்கொண்டு தேம்பிக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா அழறே? நான் திட்டினதாலயா? கார்தானே, வேற இடத்துல பார்த்துக்கலாம்."

மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, விற்பனையாளர் முன்னால் போய் நின்றாள்.

"ஆஸ்பத்திரிக்கு வரவே மாட்டேன்னு கதவைச் சாத்திக்கிட்டவரை, கார் கடைக்குக் கூட்டிட்டு வாங்கன்னீங்களே, உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல டாக்டர். அம்மா இறந்ததிலிருந்து ஒரு வார்த்தை பேசாத அப்பா, இன்னிக்கு அம்மாவைப் பத்தியே பேசிச் சிரிச்சுட்டாரு!"