காலோடு நின்ற கண்டம்

பாருங்கள், தோழர்களே. முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் பாருங்கள்.

தொலைக்காட்சி நேரலையின் விளக்குகளுக்குக் கீழே அவள் அமர்ந்திருக்கிறாள். நெற்றி நிறையக் குங்குமம். மேசையில் ஜாதகக் கட்டம். காலையிலிருந்து இது பதினேழாவது அழைப்பு.

பல்லடத்துப் பக்கமிருந்து ராமாத்தாள் பேசுகிறார். மருமகள் வந்து மூன்று மாதமாகிறது. அதற்குள் கறவை மாடு செத்தது. வீட்டுக்காரர் வழுக்கி விழுந்து கால் முறிந்து கிடக்கிறார்.

"ராசியில்லாத புள்ளைங்களா அவ? நீங்க ஒரு வார்த்தை சொன்னா இன்னிக்கே அவங்கம்மா ஊட்டுல கொண்டுபோயி உட்டர்றமுங்க."

அதுவரை தொலைபேசியில் ராமாத்தாளின் குரலுக்குப் பின்னால் கேட்டுக்கொண்டிருந்த பாத்திரம் கழுவும் ஓசை நின்றது.

ராசியில்லாதவள் என்ற சொல் விளக்குகளுக்குக் கீழே இருந்தவளுக்குப் புதிதல்ல.

அவள் நாயகியாக நடித்த மூன்று படங்கள் ஓடவில்லை. இயக்குநரையோ நாயகனையோ எவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நாயகிக்கு ராசியில்லை என்றார்கள். நான்காவது படத்தின் பூஜைக்குப் புதுப்புடவை உடுத்திப் போனவளைத் தயாரிப்பாளர் வாசலிலேயே நிறுத்தினார். தப்பாக நினைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

அன்று கலைத்த ஒப்பனையைப் பத்தாண்டு கழித்து இந்த ஜோதிட நாற்காலிக்காகத்தான் மீண்டும் பூசினாள்.

அசதியாக இருந்தது.

"ராசின்னு ஒண்ணும் கெடையாதும்மா."

மறுமுனை சிரித்தது. "நீங்களே இப்படிச் சொன்னா எப்படிங்க? கட்டத்தைப் பாத்துச் சொல்லுங்கம்மா."

அவள் கண்களை மூடினாள். மூன்று வரை எண்ணினாள். அழுகைக் காட்சிக்கு முன் எண்ணப் பழகிய அதே மூன்று.

"உங்க வீட்டுக்காரருக்கு உயிர்க்கண்டம் இருந்திருக்கு. இந்தப் பொண்ணு வந்த நேரந்தான், அது காலோட நின்னுபோச்சு. அவளை அனுப்பிடாதீங்க."

கட்டத்தில் அப்படி எதுவும் இல்லை.

ராமாத்தாளின் குரல் தழுதழுத்தது. "அனுப்ப மாட்டேனுங்கம்மா. இனித் தீவாளிக்குக்கூட அவளை அவங்கம்மா ஊட்டுக்கு உடமாட்டேன். வாசப்படி தாண்ட உடமாட்டேனுங்க."

இணைப்பு அறுந்தது.

"நான் அதைச் சொல்லலைம்மா" என்றாள், அறுந்த இணைப்பில். ஒலிவாங்கிக்கு அப்பால் யாரோ பதினெட்டு என்றார்கள்.

பாத்திரம் கழுவும் ஓசை மீண்டும் எழுந்ததா என்று அவளுக்குத் தெரியாது.

தோழர்களே, அந்த மருமகள் அடைபட்ட வீட்டுக்குப் புறப்படுங்கள்.

நல்ல நேரம் பார்க்காதீர்கள்.