தெரியவில்லை என்ற திரை

ஆய்வுக்கூடத்தின் பெரிய மின்காந்தத்துக்குக் காலையிலிருந்தே கலக்கம். அதன் சூட்டைக் காட்டுவதற்கு இரண்டு திரைகள் வந்திருந்தன. ஒன்றைத்தான் வைத்துக்கொள்வார்கள். சூடு மீறும்போது யாராவது திரையைப் பார்த்து மின்சாரத்தை நிறுத்தாவிட்டால் காந்தத்தின் சுருள் கருகிவிடும்.

"என்கிட்டேருந்து வர்ற கம்பி கழண்டுபோனா என்ன காட்டுவீங்க?" என்று காந்தம் கேட்டது.

"கடைசியா வந்த அளவையே காட்டிக்கிட்டிருப்பேன்," என்றது வண்ணத் திரை. "பாக்கிறவங்களை எதுக்குப் பதற வைக்கணும்?"

"நான் அதை அழிச்சிட்டு 'தெரியவில்லை'னு போடுவேன்," என்றது சாதாரணத் திரை.

"அதைச் சொல்றதுக்கா உன்னைக் கூட்டிட்டு வந்தாங்க?" வண்ணத் திரை சிரித்தது. காந்தம் சிரிக்கவில்லை.

பொறியாளர் இன்பசேகரன் இரண்டையும் இணைத்துப் பார்த்தார். கம்பியின் முனை தளர்ந்திருந்ததால் சாதாரணத் திரையில் அடிக்கடி 'தெரியவில்லை' வந்தது. வண்ணத் திரையில் அளவு ஆடாமல் நின்றது.

"எதைக் கேட்டாலும் தெரியாதுங்குது, இதை வெச்சுக்கிட்டு என்ன பண்றது?" என்று சாதாரணத் திரையைக் கழற்றிப் பெட்டியில் போட்டார்.

பிறகு காந்தத்துக்கு மின்சாரத்தைச் செலுத்தினார். சற்று நேரத்தில் கம்பி முழுவதுமாகக் கழன்றது. சூடு ஏறியது.

"நான் கொதிக்கிறேன், அளவை மாத்துடா!" என்று காந்தம் அலறியது.

"எனக்கு ஒண்ணுமே வரலையே அண்ணே," என்றது வண்ணத் திரை, பச்சை எழுத்தில் முப்பது டிகிரியைக் காட்டியபடி. "அதைச் சொன்னா என்னையும் கழட்டிடுவாங்க."

இன்பசேகரன் திரையைப் பார்த்தார். திருப்தியோடு மின்சாரத்தை இன்னும் கொஞ்சம் கூட்டினார்.